நடக்காமல் நடந்த ஒன்பதாயிரம் அடி

புசல்லாவையில் ஆட்டோ ஓட்டும் தியாகராஜாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையில் வண்டியில் ஏறினால் பொழுது சாயும்வரை அதிலேயே இருப்பார். சாப்பாடுகூட அதற்குள்தான். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு வந்தார்.

அவருடைய தங்கச்சி பிரேமிளா நாவலப்பிட்டியில் தனியாக இருந்தாள். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தவள். மெதுவாக நடந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். வீதியில் இறங்கவே அவளுக்குப் பயம். யாரோ சொன்னார்கள் என்று அடி எண்ணும் ஆப் ஒன்றைத் தன் போனில் போட்டாள். அண்ணன் பார்க்க வந்தபோது அவருடைய போனிலும் போட்டாள்.

“நான் நடக்கிறது உங்களுக்குத் தெரியும், நீங்க நடக்கிறது எனக்குத் தெரியும். போட்டி போடுவோமாண்ணே?”

மூன்று நாள் அவர் உண்மையிலேயே நடந்தார். இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. நான்காம் நாள் தேயிலைத் தோட்டப் பக்கம் நிறைய ஹயர் சவாரி. சாயங்காலம் பார்த்தால் போனில் ஒன்பதாயிரம்!

பக்கத்து ஆட்டோக்காரர் மர்சூக் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தோட்டத்து ரோட்டுக் குழியெல்லாம் கணக்குல ஏறியிருக்கு அண்ணே. சட்டைப் பையில போன் குலுங்கினா அதுக்கு அது அடிதான்.”

தங்கச்சியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய குரல் செய்தி வந்தது: “ஒம்பதாயிரமா! கெட்டிக்காரர்தான் நீங்க!”

அவரை அப்படி யாரும் பாராட்டிப் பல வருடமாகியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். அந்த ‘நாளைக்கு’ மூன்று வாரம் இழுத்தது, குலுங்கிய கணக்கும் தினமும் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். குரலில் களைப்பு.

“நேத்து உங்கள எட்டிப் பிடிச்சிரணும்னு ஏழாயிரம் நடந்தேன்ணே. ஆஸ்பத்திரி ஏத்தத்துல கண்ணு இருட்டிருச்சு. ஒரு கடைக்காரம்மாதான் கதிரை போட்டு உக்கார வச்சாங்க.”

தியாகராஜா அப்போதே ஆட்டோவைத் திருப்பினார். கம்பளை வழியாக நாவலப்பிட்டி போய்ச் சேரும்வரை அவர் மனம் ஒரு நிலையில் இல்லை. அவளைக் கண்டதும் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பிரேமிளா தன் போனில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தாள்.

“நான் உங்க நம்பரப் பாத்துத்தான் தெனமும் செருப்ப மாட்டினேன்,” என்றாள். “அண்ணனே இந்த வயசுல நடக்கிறாரே, நமக்கென்னன்னு. எல்லாம் பொய்யா?”

“பொய்தான். மன்னிச்சிரும்மா.”

அவள் அழுதாள். தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள், அதற்குமேல் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் அவரே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். இப்போதைக்கு மூவாயிரம் அடி போதும், மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் தியாகராஜா தன் போனிலிருந்த ஆப்பை அவள் கண்முன்னே அழித்தார்.

“இனி நம்பர் வேணாம். காலையில ஆறு மணிக்கு நான் போன்ல கோல் எடுக்கிறேன். பேசிக்கிட்டே நடப்போம்.”

“நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?”

“வீடியோவுல எடுக்கிறேன், போதுமா?”

முதல் வாரம் அவள் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொன்னாள். மெல்ல மெல்லப் பேச்சு வளர்ந்தது. மழை நாளில் இருவரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருநாள் அவர் அழைக்கப் பிந்தியதும் அவளே அழைத்துத் திட்டினாள்.

ஆறு மாதத்தில் அவருடைய சீனி கொஞ்சம் இறங்கியது, மருந்து நிற்கவில்லை. தைப்பொங்கலுக்குப் புசல்லாவை வந்த பிரேமிளா, கோயில் படிகளில் அவருக்கு முன்னே ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கியவர் தியாகராஜாதான்.

“அவசரமில்லண்ணே,” என்று படியில் உட்கார்ந்துகொண்டாள் அவள். “ஆறுதலா வாங்க.”