தெரியாத சுபஸ்ரீக்குப் போன பணம்

காந்தி மார்க்கெட்டில் வாழையிலை வாங்குகிறவர்களுக்கு லிசியைத் தெரியாமல் இருக்காது. குரல் அப்படி. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் நாலு கடை தள்ளி வரும்போதே, "அண்ணே, நுனி இலை வந்திருக்கு, கிழிசலே இல்ல" என்று கூப்பிட்டுவிடுவாள். தொட்டியத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் வரும் இலைக்கட்டுகளை வாங்கி, பிரித்து, ஓட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் அனுப்புவதுதான் தொழில். வீடு பாலக்கரையில். கணவர் இருதயராஜ் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இலையை அனுப்ப ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்காரர்களிடம் தொங்க வேண்டியிருந்தது. முகூர்த்த நாளில் ஒருவனும் போனை எடுக்கமாட்டான். எடுத்தால் இரட்டை வாடகை கேட்பான். ஒருமுறை மண்டபத்தில் பந்தி போட்டுவிட்டு இலைக்காகக் காத்திருந்தார்கள். அன்று வாங்கிய ஏச்சுக்குப் பிறகு, சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வாங்கியே தீருவது என்று லிசி முடிவு செய்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் தேட ஆரம்பித்தாள்.

திருவானைக்கோவிலில் சித்தார்த்தன் என்பவரிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. இருதயராஜ் போய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பாடி நல்லா இருக்கு, வாங்கலாம்" என்றார். நாற்பதாயிரம் அட்வான்ஸ், மீதிக்கு லோன் என்று பேச்சு முடிந்தது. வியாழக்கிழமை காலை, மார்க்கெட்டில் லாரி இறங்கும் நேரத்தில், சித்தார்த்தன் போன் செய்தார்.

"அக்கா, இன்னொரு பார்ட்டி வந்து நிக்கிறாங்க. நீங்க அட்வான்ஸ இப்பவே போட்டுட்டீங்கன்னா அவங்கள அனுப்பிடுவேன்."

"உங்க நம்பருக்குத்தானே?"

"இல்லக்கா, என் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை. வீட்டுக்காரம்மா நம்பர் சொல்றேன், அதுல போடுங்க."

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. ஒருவன் "ஒத்து ஒத்து" என்று கத்திக்கொண்டு தக்காளிப் பெட்டியோடு இடித்துப் போனான். அவர் சொல்லச் சொல்ல லிசி நம்பரை அடித்தாள். அவர் நைன் என்றது இவளுக்கு ஃபைவ் என்று கேட்டது. திரையில் 'சுபஸ்ரீ ஆர்' என்று பெயர் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல பெயர்தான் என்று நினைத்துக்கொண்டு, ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டாள். பச்சை டிக் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சித்தார்த்தன் மறுபடியும் கூப்பிட்டார். "போட்டீங்களாக்கா? வரலையே."

"சுபஸ்ரீன்னு வந்துச்சே, போட்டுட்டேனே?"

"சுபஸ்ரீயா? என் வொய்ஃப் பேரு யாழினி."

லிசி அப்படியே ஒரு இலைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நம்பரைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தார். லிசி மூச்சு விடாமல், "மேடம், என் பணம் நாப்பதாயிரம் தப்பா உங்களுக்கு வந்துடுச்சு, தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடுங்க" என்றாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்களுக்கெல்லாம் வேற வேலையே கெடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

லிசி வாட்ஸாப்பில் அந்த நம்பரைத் திறந்தாள். முகப்புப் படத்தில் ஆள் இல்லை, ஒரு போர்டு இருந்தது. ஹிந்தி டியூஷன், மேலச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம். கும்பிடு போடும் கைப் படங்களோடு நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள். அனுப்பிய மறு நிமிடம் போர்டு மறைந்து, சாம்பல் நிறப் பொம்மைத் தலை வந்தது. அந்தப் பெண் அவளை பிளாக் செய்துவிட்டார்.

பக்கத்துக் கடை ஷரபுன்னிசா தன் போனை நீட்டினாள். "என் போன்ல பேசுங்கக்கா." அதில் கூப்பிட்டால், "இன்னொரு தடவ கூப்பிட்டா சைபர் கிரைம்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துடுவேன்" என்று பதில் வந்தது.

"குடுங்க மேடம், நானும் அதத்தான்..." என்று லிசி ஆரம்பிப்பதற்குள் அதுவும் துண்டிக்கப்பட்டது.

பிறகு பணம் அனுப்பிய செயலியின் உதவி எண். தமிழுக்கு இரண்டை அழுத்தினாள், புகாருக்கு நாலை அழுத்தினாள், வேறு ஏதோ ஒன்றுக்கு ஒன்பதை அழுத்தினாள். அவளுடைய அழைப்பு மிக முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, நடுவில் பாட்டு வேறு. செயலியில் கேட்டால் ஓர் இயந்திரம் 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்று எழுதி, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. லிசிக்கு அந்தப் போனைத் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் பணத்தைத் திருப்பிப் பெறுவதற்கும் அதே போன்தான் வேண்டும்.

மறுநாள் தன்னுடைய பேங்குக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நம்பர் நீங்க போட்டது, பின் நம்பர் நீங்க போட்டது. நாங்க அந்த பேங்குக்கு ரிக்வெஸ்ட் அனுப்புவோம். வாங்கினவங்க ஒத்துக்கிட்டாதான் பணம் வரும்."

"அவங்க அட்ரஸாவது குடுங்க சார், நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன்."

"அது குடுக்க முடியாது மேடம். ரூல்ஸ்."

வெளியே வந்ததும் சித்தார்த்தனின் போன் வந்தது. அந்த இன்னொரு பார்ட்டி அட்வான்ஸை ரொக்கமாகவே கொடுத்துவிட்டார்களாம். "நான் என்னக்கா பண்றது? மன்னிச்சுக்கங்க" என்றார். வண்டி போனது. இருதயராஜிடம் இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஏற்கெனவே வண்டிப் பக்கவாட்டில் மகள் பெயரை எழுத ஆள் பார்த்து வைத்திருந்தார். "பேப்பர்ல ஏதோ சிக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சனிக்கிழமை மாலை, கடையை ஷரபுன்னிசாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். பேங்க் கொடுக்காவிட்டால் என்ன, வீதிப் பெயர்தான் தெரியுமே. மேலச் சித்திரை வீதியில் ஒரு மருந்துக்கடையில் விசாரித்தாள்.

"ஹிந்தி டீச்சரா? அதோ அந்த மாடி. படியில செருப்பாக் கெடக்கும் பாருங்க" என்றார் கடைக்காரர்.

செருப்புகள் கிடந்தன. மேலேயிருந்து பிள்ளைகள் சேர்ந்து ஏதோ ஒப்பிக்கும் சத்தம் வந்தது. படியேறி, பூட்டியிருந்த கிரில் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், கையில் சாக்பீஸோடு வந்தார்.

"டீச்சர், நீங்கதான் சுபஸ்ரீங்களா? என் பேரு லிசி. போன் பண்ணேன்ல, அந்த நாப்பதாயிரம்..."

சுபஸ்ரீயின் முகம் வெளுத்துப்போனது. சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. உள்ளே திரும்பி, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் எழுதச் சொல்லிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் நின்று கணவருக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தியும் அது கேட்டில் நின்ற லிசிக்குக் கேட்டது.

"ரகு, அந்தப் பொம்மனாட்டி ஆத்துக்கே வந்துட்டா. ஆமா, வாசல்ல நிக்கறா. நேக்குக் கையெல்லாம் நடுங்கறது. சீக்கிரம் வாங்கோளேன்."

லிசிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பணத்தைத் தொலைத்தவள் நான், நடுங்குகிறவள் இவளா? ஆனால் அந்தக் கை உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் பாதியாகிவிட்டது.

"டீச்சர், நான் உள்ள வரல. இந்தப் படியிலயே உக்காந்துக்கறேன். உங்க வீட்டுக்காரரு வரட்டும்" என்று சொல்லி, செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து சுபஸ்ரீ கேட்டுக்கு உட்புறம் வந்து நின்றார். "போன வருஷம் இதே மாதிரிதான் ஒருத்தர் போன் பண்ணினாரு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்புன பணம் உங்களுக்குத் தப்பா வந்துடுச்சு, திருப்பிப் போடுங்கன்னு அழுதாரு. பணம் வந்ததா மெசேஜும் வந்திருந்தது. நானும் பாவம்னு போட்டேன். அப்புறம் பாத்தா அந்த மெசேஜே பொய். எனக்குப் பணமே வரல. என் டியூஷன் பணம் மொத்தமும் போச்சு. அதான் இப்ப யாரு சொன்னாலும் நம்பறதில்ல."

"இந்தத் தடவ பணம் வந்திருக்குல்ல டீச்சர்? பாஸ்புக்க பாருங்க."

"வந்திருக்கு. அதுதான் இன்னும் பயமா இருக்கு. திருட்டுப் பணத்த அடுத்தவா அக்கவுண்ட்ல போட்டு வாங்கிக்கறதா பேப்பர்ல படிச்சேன். நான் திருப்பிக் குடுத்து, நாளைக்குப் போலீஸ் என்னைத் தேடி வந்தா?"

அப்படியும் நடக்கும் என்று லிசிக்கே தோன்றியது. பிறகு சுபஸ்ரீ, ஆழம் பார்ப்பவர் போல, "அப்ப போலீஸ் ஸ்டேஷனுக்கே போலாமா?" என்று கேட்டார்.

லிசி உடனே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "வாங்க டீச்சர், போலாம். இப்பவே போலாம். நானே கேக்கணும்னு இருந்தேன்."

சுபஸ்ரீ உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். பிறகு கேட்டின் பூட்டைத் திறந்தார்.

ரகுராம் வந்து சேர்ந்ததும் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, இருவரும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் முதலில் லிசி சொன்னதைக் கேட்டார். அப்புறம் சுபஸ்ரீ சொன்னதைக் கேட்டார். இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றீங்க. இதுல நான் யாரப் புடிச்சும்மா உள்ள வைக்கிறது?" என்று சிரித்தார். "டீச்சர், நீங்க பயந்தது நல்லதுதான். திங்கக்கெழம ரெண்டு பேரும் சேர்ந்து உங்க பேங்குக்குப் போங்க. எந்த அக்கவுண்ட்லேர்ந்து பணம் வந்துச்சோ, அதே அக்கவுண்ட்டுக்கு பேங்க்காரங்கள விட்டே திருப்பி அனுப்பச் சொல்லுங்க. வேற நம்பர் எது குடுத்தாலும் போடாதீங்க. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை லிசிக்கு நகரவே இல்லை. சர்ச் பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. டீச்சரின் மனசை யாராவது மாற்றிவிட்டால்? அந்தப் பயத்தில் போனை மூன்று தடவை எடுத்து, கூப்பிட்டால் மறுபடி மிரண்டுவிடுவார் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது, பேங்க் வாசலில் சுபஸ்ரீ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். வேலை பார்க்கும் பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டிருந்தார். உள்ளே போனால், சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பணம் என்கிட்ட இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கமே வரலங்க. போன் அடிச்சாலே திக்குனு இருக்கு" என்றார் சுபஸ்ரீ.

"எனக்குப் போன் அடிக்கலன்னாதான் திக்குனு இருக்கு டீச்சர்" என்றாள் லிசி. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேங்கில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் வட்டம் நின்றது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் இரண்டு பேரின் விவரத்தையும் சரிபார்த்துவிட்டு, சுபஸ்ரீயிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். லிசியின் கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. செய்தியைப் படித்தாள். நம்பாமல் இருப்பைத் திறந்து பார்த்தாள். அதையும் நம்பாமல் அந்த அம்மாளிடம் காட்டினாள். "வந்திருச்சும்மா" என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சுபஸ்ரீ அதற்குள் தன் போனில் அவளுடைய நம்பரை அன்பிளாக் செய்துகொண்டிருந்தார்.

வாசலில் விடைபெறும்போது லிசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நல்லா இருங்க டீச்சர்" என்றாள்.

"நீங்களும். அடுத்த தடவ முதல்ல ஒரு ரூபா போட்டுப் பாருங்கோ" என்றார் சுபஸ்ரீ.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவேரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான், வியாழக்கிழமையிலிருந்து ஒழுங்காக ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. அப்படி ஒரு பசி. சத்திரத்தில் இறங்கி முதலில் கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்து, பரோட்டாவும் சால்னாவும், அதன் பிறகு மறுபடி பரோட்டாவும் வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருதயராஜுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி போய்விட்டது என்பதையும் சொன்னாள்.

அவருக்குப் பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது.

"இத்தன நாளு தனியாவா இத வச்சுக்கிட்டு இருந்த?" என்றார்.

"சொன்னா திட்டுவீங்கன்னுதான்."

"திட்டத்தான் போறேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து திட்டறேன். இப்ப நீ நேரா வீட்டுக்குப் போயி படு. மார்க்கெட்ட ஷரபு பாத்துக்கும்."

லிசி கல்லாவில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பாலக்கரைக்கு நடந்தே கிளம்பினாள். வெயில் கொளுத்தியது. அவளுக்கு அது உறைக்கவில்லை.