"ஓம்" என்றால் ஓம்தான்

கரவெட்டிக் குணலட்சுமி படிப்பில் மொக்கு அல்ல. பரீட்சைதான் அவளோடு ஒத்துவரவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முதல்தரம் இருந்தபோது, பாதிக் கேள்வியில் குண்டு போட பொம்பர் விமானம் வந்தது. பங்கருக்குள் பாய்ந்துவிட்டுத் திரும்பிவந்தால் விடைத்தாளைக் காற்றுக் கொண்டுபோயிருந்தது. அடுத்த தரம் இரண்டு பாடம் எழுதுவதற்குள், மண்டபத்துக்கு இடம்பெயர்ந்த சனம் வந்து மேற்பார்வையாளரின் மேசையில் மரக்கறி வெட்டத் தொடங்கிவிட்டது. மூன்றாவது தரம் சண்டை ஒரு பாவமும் செய்யவில்லை. சாத்திரியார் பார்த்துச் சொன்ன நல்ல நாள், கணக்கியல் இரண்டாம் பகுதியன்று வந்து விழுந்தது. தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை பஞ்சலிங்கம், "என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். "இண்டைக்கு எனக்குச் சோதினை," என்றாள் குணலட்சுமி. அந்த மனிசன் இன்றுவரை அவள் தன்னைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஐம்பதை எட்டும் வயதில், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவளுக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. பாஸ் பண்ணவேண்டும் என்றுகூட இல்லை. ஒரேயொரு பரீட்சையையாவது முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை எழுதி முடித்துவிட்டு எழும்பவேண்டும். கடல் கடந்த நாடொன்றின் இணையப் பல்கலைக்கழகம், தகவல் தொழில்நுட்பம் படிக்க வயது தடையில்லை என்று முகநூலில் விளம்பரம் போட்டபோது, இடியப்ப உரலை இறக்கி வைத்துவிட்டு அன்றே விண்ணப்பித்தாள்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் ஊரில் ஆளுக்குத்தான் பெயர், குடும்பத்துக்கு ஏது பெயர்? அவள் புருசனின் பெயரைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு, "அன்புள்ள பஞ்சலிங்கம், நீங்கள் எழுதித் தரவேண்டிய ஒப்படை இன்னும் வந்து சேரவில்லை" என்று மின்னஞ்சல் வரத் தொடங்கியது. பஞ்சலிங்கம் நெல்லியடிச் சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிறவர். அவரது குரலுக்குச் சந்தையே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட மனிசன் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த பெடியனைப் போல நடுங்கிப்போனார்.

"இஞ்சாரும், உவங்கள் என்னை வகுப்பாலை நிப்பாட்டப் போறாங்கள் போல கிடக்கு. கெதியா எழுதிக் குடுத்துவிடும்!"

"உங்களை இல்லையப்பா, என்னை."

"பேர் என்ரையெல்லே?"

இந்தப் பயத்தினால் அவளுக்கு ஒரு லாபம் இருந்தது. ஒப்படை நாட்களில் தேங்காய்ப்பூ திருவுவது அவர் பொறுப்பாயிற்று. குணலட்சுமியும் நிரல் எழுதப் பழகினாள். இது நடந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சொன்னதைத் திருப்பிக் கதைக்காமல் செய்கிற ஒன்றை அவள் வீட்டில் அப்போதுதான் கண்டாள்.

பிறகு வந்தது முதற் பரீட்சை. வீட்டிலிருந்தபடியே எழுதலாம். மடிக்கணினியின் கமராவும் ஒலிவாங்கியும் திறந்திருக்கும். அறையில் வேறு யாரும் கதைக்கிறார்களா என்று ஒரு மென்பொருள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். குணலட்சுமி கதவைச் சாத்திவிட்டு எழுதத் தொடங்கினாள். முதற் கேள்வியை வாசித்தாள். விளங்கியது. "ஓம்," என்றாள். இரண்டாவதும் விளங்கியது. "ஓம், ஓம்." மூன்றாவது கொஞ்சம் சிக்கல். இரண்டுதரம் வாசித்ததும் பிடிபட்டுவிட்டது. "ஓமோம்!" திரை சிவந்தது. அறையில் உரையாடல் கேட்பதாகவும், பரீட்சை இடைநிறுத்தப்பட்டதாகவும் எழுத்துகள் வந்து நின்றன.

நாலாவது தடவையாகவும் பாதியில் போயிற்று. கதவைத் திறந்து வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்த பஞ்சலிங்கம், பொம்பர் ஏதும் வந்துவிட்டதோ என்று வானத்தைப் பார்த்தார்.

அவள் முறைப்பாடு எழுதினாள். பல்கலைக்கழகம் ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு, மிகவும் உருகிப் பதில் போட்டது. அவள் ஒவ்வொரு கேள்விக்கும் முன்பாகப் பிரார்த்தனை செய்வதைத் தாங்கள் அறியாமல் போனதாகவும், அவளுடைய சமய வழக்கத்தை மனதார மதிப்பதாகவும், அடுத்த தடவை அவள் தாராளமாக ஓதிக்கொண்டே எழுதலாம் என்றும், ஓதுவதற்கென்று மேலதிக நேரமும் தரப்படும் என்றும் அதில் இருந்தது.

வேறு யாராவது என்றால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த நேரத்தை வாங்கியிருப்பார்கள். குணலட்சுமிக்கு அந்தப் புத்தி இல்லை. அது பிரார்த்தனை அல்ல, எங்கள் ஊரில் அதற்கு "ஆம்" என்று அர்த்தம் என்று விளக்கி எழுதினாள். நேர்மைக்கு உடனே பரிசு கிடைத்தது. அப்படியானால் அவள் யாருக்கு "ஆம்" சொல்லிக்கொண்டிருந்தாள், விடை சொல்லிக் கொடுத்த அந்த ஆள் யார் என்று கேட்டு விசாரணை வைத்தார்கள்.

விசாரணையும் திரையில்தான் நடந்தது. அதிகாரிகள் மூவரும், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் என்று சென்னையிலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். தமிழ் முகத்தைக் கண்டதும் குணலட்சுமிக்கு உயிர் வந்தது.

"தம்பி, நீங்களே சொல்லுங்கோ. ஓம் எண்டால் என்ன?"

"ஓம்னா பிரணவ மந்திரம்ங்க."

"ஐயோ தம்பி, நாங்கள் கதைக்கேக்கை சொல்லுற ஓம்!"

"பேசும்போது ஆமாம்னுதாங்க சொல்லுவாங்க. ஓம்னு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லீங்க."

"இஞ்சை முழுச் சனமும் அப்பிடித்தானே சொல்லுது!"

"முழுச் சனமும் மந்திரம் ஓதுறாங்கன்னு சொல்றாங்க, சார்," என்று அவர் பயபக்தியோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

தீர்ப்பு வந்தது. அந்தச் சொல் பிரார்த்தனைதான் என்று ஒப்பமிட்டால் மறுபடியும் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் அவள் கள்ளமாக எழுதியவள். ஐம்பது வருசமாக வாயில் இருக்கிற சொல்லை யாரோ வந்து பறித்துக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டுவதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"போடும் கையெழுத்தை," என்றார் பஞ்சலிங்கம். "பிள்ளையார் ஒண்டும் கோவிக்கமாட்டார். உமக்குச் சோதினையை முடிக்க வேணுமோ, வேண்டாமோ?"

"ஓம், வேணும்," என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயில் அவளே ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

ஒப்பமிட்டாள். ஆனால் மனதுக்குள் வேறு கணக்கு வைத்திருந்தாள். பரீட்சையில் அந்தச் சொல்லை எடுப்பதே இல்லை. அப்போது பொய்க்கும் வேலையில்லை. வீட்டில் "ஆமாம்" சொல்லிப் பழகினாள். "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டால் "ஆமாம்" என்றாள். பஞ்சலிங்கத்துக்கு அது சினிமாப் படத்துக்குள் குடியிருப்பது போல் இருந்தது. பக்கத்து வீட்டுக் கமலாவதி அவரைத் தனியே கூப்பிட்டு, "மனிசி என்ன, சீரியல் பார்த்துப் பழுதாப்போச்சோ?" என்று விசாரித்தாள்.

பரீட்சை நாளன்று பஞ்சலிங்கம் வாசற் படலையில் காவல் நின்றார். மீன்காரரையும் ஐஸ்கிறீம் வானையும் பேசாமல் கையால் மறித்தார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர் வாய் மூடியிருந்ததை யாரும் கண்டதில்லை. உள்ளே குணலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு கேள்வி, அடுத்த கேள்வி, ஒரு சத்தமும் இல்லை. பாதி தாண்டியதும் திரையின் மூலையில் மேற்பார்வையாளர் தோன்றினார். செம்பட்டை மீசைக்காரர்; முகத்தில் கவலை, வாயில் ஆங்கிலம்.

"அம்மணி, நீங்கள் பிரார்த்திக்கும் பரீட்சார்த்தி என்று எங்கள் பதிவில் உள்ளது. இன்று ஒருமுறைகூட நீங்கள் பிரார்த்திக்கவில்லை. நீங்கள் உண்மையில் குணலட்சுமி பஞ்சலிங்கம்தானா?"

வீட்டில் பழகி வைத்த சொல் முந்திக்கொண்டு வந்தது. "ஆமாம்."

அவர் கீழே எதையோ பார்த்தார். "மன்னிக்கவேண்டும். இது பதிவில் உள்ள சொல் அல்ல. ஆளை உறுதிப்படுத்த முடியாவிட்டால் நான் பரீட்சையை நிறுத்தவேண்டியிருக்கும்."

ஐந்தாவது தடவை! அவளுக்கு விசர் பிடித்தது. பொம்பருக்குப் பயந்து ஓடியவள், சாத்திரியாருக்குப் பணிந்தவள், இந்த மீசைக்கு முன்னால் எழும்பி நின்றாள்.

"ஓமப்பா, ஓம்! நான்தான் குணலட்சுமி! ஓம்! ஓம்! இன்னும் எத்தினைதரம் சொல்ல?"

மீசைக்காரரின் முகம் தெளிந்தது. "நன்றி அம்மணி. மிகவும் உருக்கமாக இருந்தது. தொடருங்கள்."

அவள் தொடர்ந்தாள். அதற்குப்பிறகு அடக்கவில்லை. விளங்கியதற்கெல்லாம் "ஓம்" போட்டாள், விளங்காததற்கு "உது என்ன கோதாரி" என்று திட்டினாள். அதையும் அவர்கள் தோத்திரமாகவே எடுத்திருக்கவேண்டும், யாரும் மறிக்கவில்லை. கடைசிக் கேள்வி வந்தது. எழுதினாள். அடுத்ததைத் தேடிக் கீழே போனாள். அடுத்தது என்று ஒன்று இல்லை.

மீசைக்காரர் மறுபடியும் வந்தார். "எல்லாக் கேள்விகளையும் எழுதி முடித்துவிட்டீர்களா?"

இதே கேள்வியை அம்மா அந்த நாட்களில் வாசலில் நின்று கேட்டிருக்கிறா: "எல்லாம் எழுதி முடிச்சிட்டியே, பிள்ளை?" ஒருதரம்கூட அவளால் தலையாட்ட முடிந்ததில்லை. கேட்டுக் கேட்டே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா.

"ஓம்," என்றாள் குணலட்சுமி. அந்தச் சொல் இழுபட்டு நீண்டு, அழுகையாக முடிந்தது.

மீசைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டு கைகளையும் கோத்து, தலையைக் குனிந்து, பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருந்தார். அவள் அவரைத் திருத்தப் போகவில்லை. அழுது முடிக்குமட்டும் அப்படியே குனிந்திருக்க விட்டாள்.