சிவப்பு கட்டிய குட்டி

ஆறு பூனைகள் உள்ள வீட்டில் எதற்கு வயிறு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆறில் ஒன்றுகூடத் தானாக வந்து ஒப்புக்கொள்ளப் போவதில்லை. மூன்று நாளாகத் தரையைத் துடைத்துத் துடைத்துத் தையல்கார அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாலாம் நாள் காலையில் பூனைகள் வெளிக்குப் போகும் மண் தட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தபடியே காவல் உட்கார்ந்தாள். எட்டரை மணிக்குக் குற்றவாளி அகப்பட்டது. சாம்பல் நிறக் குட்டிகள் இரண்டில் ஒன்று, தண்ணீராகப் போய்விட்டு நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

மிருக வைத்தியர் அதன் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். இழுத்த தோல் சட்டென்று திரும்பவில்லை.

“பால் கூடவே கூடாதும்மா. இந்த மருந்துத் தண்ணிய மணிக்கொரு தடவை சொட்டுச் சொட்டா வாயில விடுங்க. பொடிசு, உடம்புல தண்ணி வத்துனா தாங்காது. மத்ததுங்ககிட்டேருந்து தள்ளி வைங்க.”

தள்ளி வைக்க இடத்துக்கு எங்கே போவாள்? இரண்டு மெஷினும் கட்டிலும் போக மிச்சம் இருந்தது குளியலறைதான். அங்கே அடைத்தால் உள்ளே இருந்த குட்டியும் வெளியே இருந்த குட்டியும் போட்டி போட்டுக்கொண்டு கத்தின. சகிக்க முடியாமல் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்ததால், கைக்கு அகப்பட்ட சிவப்பு நாடாவை நோயாளியின் கழுத்தில் தளர்வாகக் கட்டினாள். சீருடைக்கு அளவெடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த மெஷினில் இருந்த நாத்தனாரிடம், “நாடா கட்டியிருக்கேன், பாத்து மருந்து குடு” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது நாத்தனாரின் கை முழுக்கக் கீறல்.

“அஞ்சு தடவை குடுத்துட்டேன் அண்ணி. என்னா தெம்புங்கிறீங்க. அது பொழச்சிக்கும்.”

நாடா கட்டிய குட்டி கட்டிலடியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது.

“அப்போ இதுக்கு?”

“அதுக்குத்தான் சிவப்பு கட்டிட்டீங்களே.”

அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக நீலம் கட்டிய துணி என்றால் வேலை பாக்கி. சிவப்பு கட்டினால் வேலை முடிந்தது, தொட வேண்டாம். அந்தச் சட்டத்தைப் போட்டவளே அக்காதான். திட்ட வாயெடுத்தவளுக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டாள். முதல் சொட்டு கடைவாயில் வழிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. இது போய்விட்டால் தன்னை மன்னிக்கவே முடியாது என்று பயந்தாள். நாத்தனார் சிவப்பை அவிழ்த்து நீலத்தைக் கட்டினாள். ஆறாவது சொட்டைக் குட்டி விழுங்கியது.

அன்று ராத்திரி முழுக்க முறை வைத்து இருவரும் ஊட்டினார்கள். மறுநாள் மத்தியானம் நாத்தனார் தட்டுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். சின்னதாக, கெட்டியாகப் போயிருந்தது. அக்கா அதைப் பார்த்து அழுதே விட்டாள்.

“இதுக்கெல்லாமா அழுவாங்க” என்ற நாத்தனார் கையில் சிவப்பு நாடா தயாராக இருந்தது. “கட்டிடவா?”

“வேணாம். இன்னொரு தடவை கெட்டியாப் போகட்டும்.”

அக்கா முக்காலியை இழுத்தாள். நாத்தனார் முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்து, பாதிக் காஜாவில் நின்ற சட்டையையும் பிடுங்கிக்கொண்டாள்.

“இந்தச் சிவப்ப உங்களுக்குத்தான் கட்டணும் அண்ணி. போய்ப் படுங்க.”

அக்கா படுத்தாள். எழுந்திருக்கும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.