பாத்ரூமுக்குத் தனி ட்ரிப்பர்

காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்லுக்கு முழு ஒயரிங்கும் நான் செய்தது. குமராட்சிப் பக்கம் வெள்ளம் வந்து வடிந்தபோது, ஒரு தெரு முழுக்க பிளக் பாயின்ட்டுகளைப் பிடுங்கி நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தது நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். மகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். இத்தனையும் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் செய்தது. சுவிட்ச் வரும் அட்டைப்பெட்டி மேல் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. நம்பரைப் படிப்பேன், அது போதும்.

மாப்பிள்ளை இன்ஜினியர். சிதம்பரத்தில் வீடு கட்டினார். மொத்த வீட்டுக்கும் நூறு மில்லி ஆம்பியரில் ஒரே ட்ரிப்பர் போதும் என்றார். ட்ரிப்பர் என்றால், கரண்டு கசிந்தால் தானாக இறங்கிக்கொள்ளும் சுவிட்ச்.

"ஒயர் பத்திக்காம இருக்க நூறு சரி மாப்ள. ஈரக் கையோட நிக்கிற ஆளுக்கு முப்பதுதான். கிச்சனுக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு. மிக்ஸி மக்கர் பண்ணா குளிக்கிறவங்க இருட்டுல நிக்கணுமா?"

"லோடு ஏறினா விழறதுக்கு எம்சிபி இருக்கே மாமா."

"அது ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. காலேஜ்ல இத சொல்லித் தரலயா?"

சிரித்துவிட்டார். இரண்டையும் என் கையாலேயே மாட்டினேன்.

குடிபோன சில மாதத்தில் மகள் போன் செய்தாள். கீசர் போட்டாலே பாத்ரூம் ட்ரிப்பர் விழுகிறதாம். மாப்பிள்ளை போனை வாங்கினார்.

"உங்க ட்ரிப்பருக்கு ரோஷம் ஜாஸ்தி மாமா, உங்கள மாதிரியே. இங்க எலக்ட்ரீஷியன் வந்திருக்காரு. கழட்டிட்டு டைரக்டா குடுத்துடலாம்னு சொல்றாரு."

"நான் வர்ற வரைக்கும் போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது. கீசர் பக்கமும் போவாதீங்க."

கடலூரில் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருந்தார். கீசர் ஒயரைக் கழற்றி ட்ரிப்பரை ஏற்றினேன்; நின்றது. திரும்ப மாட்டினேன், விழுந்தது. கீசரைத் திறந்து காட்டினேன். போர் தண்ணீரின் உப்பு, உள்ளே சூடேற்றும் காயிலை அரித்து ஓட்டை போட்டிருந்தது. வீட்டுக்குப் பின்பக்கம் போய் எர்த் கம்பியைப் பார்த்தால், கிளாம்ப் துருவேறி ஆடுகிறது. டைரக்டாகக் கொடுத்து, அந்தக் கிளாம்ப்பும் விட்டிருந்தால் குழாய்த் தண்ணீரிலேயே கரண்டு வந்திருக்கும். அந்த வீட்டில் காலையில் முதலில் குளிப்பது என் மகள்.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். மாப்பிள்ளை காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் காபி போடப் போனாள். போகிற வழியில் கிச்சன் ட்ரிப்பரின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டு வாசல் கல்லில் பிளான் போட்டவர் பெயர் இருக்கிறது, மேஸ்திரி பெயர் இருக்கிறது. கீழே ஒரு வரிக்கு இடமும் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நேரிலேயே சொன்னேன், இங்கே எழுதியும் வைக்கிறேன். அந்த இடத்தில் 'கிச்சன், பாத்ரூம் ட்ரிப்பர்' என்று போட்டு என் பெயரை வெட்ட வேண்டும். தமிழில் வெட்ட வேண்டும், நான் படிக்கணும்.