டர்னர் பிரிவில் நான்கு பெண்கள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பெங்களூரில் ஆபீஸ் முடிந்து ரயிலில் வந்து எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் எனக்காக மோனிஷா காத்திருந்தாள். எங்கள் பக்கத்து வரிசை வீட்டுப் பெண். இந்த வருஷம்தான் பத்தாவது முடித்தாள்.

"ஆண்ட்டி, ஐ.டி.ஐ.யில எனக்கு சீட் வந்துகீது. டர்னர். அப்பா கையெழுத்து போட மாட்டேன்றாரு. நீங்க வந்து பேசணும்."

டர்னர் என்றால் லேத் மெஷினில் இரும்பைக் கடையும் வேலை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் முன்னேற்றம் பற்றி இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? ஆனால் என் வாயில் முதலில் வந்த கேள்வி – "ஏம்மா, கம்ப்யூட்டர் கிடைக்கலியா?"

"கிடைச்சுது ஆண்ட்டி. நான்தான் வேணான்னேன்."

நடந்துகொண்டே காரணம் சொன்னாள். லீவில் வீட்டு கிரைண்டரின் இரும்புத் தண்டு உடைந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு பங்காருபேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருக்கிறாள். பத்து நிமிஷ வேலை. இவள் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறாள்.

"இரும்பு ஆண்ட்டி... உருளைக்கிழங்குத் தோல் மாதிரி சுருள் சுருளா உரிஞ்சு வருது. அது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் அப்பா தனசேகர் பெங்களூரில் செக்யூரிட்டி. தினமும் காலையில் என்னோடு ஒரே ரயிலில் போகிறவர். கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டமே... கோபக்காரரிடம் சண்டை போடலாம். வீட்டுக்குப் போனதும் இவர் டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பேசினார்.

"அக்கா, மெஷின் வேலை வேணாம்னு நான் சொல்லல. போன் பண்ணி விசாரிச்சேன். அந்த கிளாஸ்ல அத்தினி பேரும் பசங்க. இது ஒண்ணு மட்டும் போய் உக்காந்தா, நாளைக்கு ஒரு கஷ்டம்னா இன்னா பண்ணும்? யார்கிட்ட சொல்லும்?"

நியாயமான கேள்விதானே?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பேச்சை முடிக்கப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு பொண்ணு சேரட்டும். அப்ப கையெழுத்து போடறேன்."

யாரும் சேர மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு. சேர்வதற்குக் கடைசி நாள் சனிக்கிழமை.

மோனிஷா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "ஒரு பொண்ணு போதுமாப்பா? அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

புதன்கிழமை காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டாள். ஐ.டி.ஐ.க்கு போன் பண்ணி, டர்னர் பிரிவில் காலி சீட் இருக்கிறது, நேரில் வந்தால் சேரலாம் என்று உறுதி செய்துகொண்டாள். தன்னோடு படித்து, இன்னும் எங்கேயும் சேராத ஒன்பது பெண்களின் பெயரை ஒரு பேப்பரில் எழுதினாள். வியாழக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். உதவி செய்ய என்று சொன்னால் பொய். என்னால் சும்மா ஆபீஸில் உட்கார முடியவில்லை!

ஐந்து வீட்டில் வாசலோடு சரி. ஒரு வீட்டில், "கல்யாணத்துக்குப் பாக்கறோம்" என்றார்கள். இதைப் படித்தால் பெண்ணுக்கு மீசை முளைத்துவிடும் என்கிற மாதிரி இன்னொருவர் சிரித்தார். பங்காருபேட்டையில் ரூபா என்ற தெலுங்குப் பெண்ணின் அப்பா முழுசாகக் கேட்கக்கூட இல்லை. ரூபாவின் அம்மா மட்டும் தெருமுனை வரை எங்களோடு வந்தார். "கிளாஸ் எத்தனை மணிக்கு விடும்?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

மாரிகுப்பத்தில் அனிதா வீடு. அவள் அம்மா லட்சுமி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படிச்சா வேலை கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். மோனிஷா முந்திக்கொண்டாள்.

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன் அத்தை. ஆனா கத்துக்கினா, அது நம்ம கையிலயே இருக்கும். யாரும் புடுங்க முடியாது."

லட்சுமி சரி என்றார். ரயிலில் திரும்பி வரும்போது மோனிஷா ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோனிஷாவுக்கு போன். அனிதாவின் மாமா கூடாது என்கிறாராம். சாயங்காலம் நான் ரயிலிலிருந்து இறங்கியதும் இதைச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்குத்தானே கடைசி நாள். நான் போய் ஐ.டி.ஐ. கேட்ல நிக்கறேன் ஆண்ட்டி" என்றாள். அனிதாவுக்கும் ரூபாவுக்கும் அதையே மெசேஜ் அனுப்பினாள்.

சனிக்கிழமை தனசேகரும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். பத்து மணி. கேட்டில் யாரும் இல்லை. பதினொன்று... யாரும் இல்லை. தனசேகர் மகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். பாவம், அவருக்கும் சந்தோஷமாக இல்லை.

பதினொன்றரைக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அனிதாவும் லட்சுமியும்! "அண்ணன் சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். பெத்தது நான்தானே" என்று சொல்லிக்கொண்டே லட்சுமி இறங்கினார்.

அடுத்த கால் மணியில் ரூபா வந்தாள், அம்மாவோடு. தனியாக அனுப்ப யோசனையாக இருந்ததாம், அதனால் பத்தாவது முடித்த தன் தங்கை மகளையும் கூடவே சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் அந்த அம்மா. வீட்டில் இரண்டு நாள் பேசியே ரூபாவின் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

தனசேகர் மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுதானே கேட்டேன்" என்றார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போடும்போது அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் துள்ளிக் குதித்திருப்பேன். ஆனால் படிவத்தை நீட்டிய கையோடு லட்சுமி அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டார். "சார், பொண்ணுங்களுக்கு பாத்ரூம் எங்க?"

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் சங்கடப்பட்டார். பின்பக்கம் ஒன்று இருக்கிறதாம். பழைய மெஷின் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். "பொண்ணுங்க யாரும் சேர்றதில்லையேம்மா, அதான்..."

"பூட்டி வெச்சா எப்படி சார் சேருவாங்க?" என்றார் லட்சுமி.

அதிகாரி எழுந்துபோய் ஆளைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் அறை காலி. கடைசிப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தவர் தனசேகர். பைப்பைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது. சாவி மோனிஷாவின் கைக்கு வந்தது.

பெண்கள் ஏன் தொழிற்கல்விக்கு வருவதில்லை என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன்! ஒரு மேடையில்கூட 'பாத்ரூம் சாவி எங்கே' என்று நான் கேட்டதில்லை.