கோது கழன்ற விதை

என் அக்கா நபீஸா ராத்தாவுக்குக் குருவிகள்மீது இருக்கிற இரக்கத்தில் கால்வாசி மனிதர்மீது இருந்திருந்தால், காத்தான்குடியில் அவளுக்கு ஒரு சிநேகிதியாவது மிஞ்சியிருப்பாள். நாற்பத்தெட்டு வயது. விடிகாலையில் சுபஹு தொழுத கையோடு அவள் செய்யும் முதல் வேலை, கூட்டின் அடித்தட்டை வெளியே இழுத்து எச்சத்தைக் குச்சியால் கிண்டிப் பார்ப்பது. தேத்தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊர் வழக்கப்படி உம்மா ஒரே வளவைப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதன வீடு கட்டித்தந்தார். நடுவில் மதில், மதிலில் ஓர் இடைக்கதவு. கறிச்சட்டி போய்வர வைத்த கதவு அது. அதன் வழியே அதிகம் போய்வந்தது சண்டைதான்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. நியாயம் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அவளிடம் முப்பத்தொரு கொக்கட்டீல் இருந்தன. தலையில் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உள்ள சிறிய கிளிகள். எங்களுக்கு எல்லாம் குருவிதான். நாலு மாதத்தில் அத்தனையும் செத்தன. தீனைவிட்டு வாயெடுக்காமல் தின்றன, தின்றபடியே மெலிந்தன. ஆரையம்பதியில் மிருக வைத்தியர் யசோதினி செத்த ஒன்றை அறுத்துக் காட்டினார். இரைப்பை ஊதி, நனைந்த தாளைப்போல மெலிந்துகிடந்ததாம். ஒரு வைரஸ் இரைப்பையின் நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. பிறகு வயிறு எதையும் அரைக்காது. தின்ற விதை முழுசாகவே எச்சத்தில் வரும். வயிறு நிறையத் தின்று பட்டினியில் சாகிற நோய். எல்லாவற்றையும் கிணற்றடியில் புதைத்துவிட்டு ராத்தா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் பேசத் தொடங்கினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"கையக் கழுவு. செருப்பக் கழட்டு. வேற வீட்டுக் குருவியத் தொட்டிட்டா வந்த?" வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதுதான் ஸலாம். மூன்று தரம் சோதித்த குருவியைத்தான் சேர்ப்பாள். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பதினெட்டு ஆக்கியிருந்தாள்.

என் கணவர் ஸாஹிர் கத்தாரில். போன லீவில் வந்தவர் ஓர் ஆண் கொக்கட்டீல் வாங்கி, சுல்தான் என்று பெயர் வைத்து, தன்னுடைய விசிலை அதற்குப் பழக்கினார். வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அவர் அடிக்கிற விசில். அவர் போனபிறகும் பின்னேரமானால் அது அடிக்கும். குருவிதான் என்று தெரிந்தும் நான் வாசலைப் பார்ப்பேன். தனிமையில் அது தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது. ராத்தாவின் குருவிகளோடு விடச்சொல்லி ஸாஹிர் போனில் சொன்னார். போய்க் கேட்டேன்.

"மூணு தரம் சோதிச்சிப்போட்டுத்தான் உள்ளுக்கு," என்றாள்.

"எண்ட மாப்புள என்ன குப்பையிலயா ராத்தா வாங்கின?"

"குப்பையில வாங்கினாலும் மூணு தரம். மாளிகையில வாங்கினாலும் மூணு தரம்."

யசோதினி பஞ்சுக்குச்சியால் சுல்தானின் தொண்டையிலும் பின்துவாரத்திலும் துடைத்தெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. அந்தத் தாளை ராத்தாவின் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன்.

"அது எல்லா நாளும் வெளியில வராது புள்ள. இண்டைக்கிக் காணல்ல எண்டா இல்ல எண்டு அர்த்தமில்ல. ஆறு கிழமையால மறுகா பாப்பம்."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அடுத்த கிழமையே அவளுடைய மாமியாருக்குச் சுகமில்லாமல் போய், புருஷனோடு ஓட்டமாவடிக்கு மூன்று நாள் போகவேண்டி வந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் வைத்தாள். "தீனும் தண்ணியும் போடு. இதெல்லாம் ஒண்ட அமானிதம், ஒன்ன நம்பித்தான் தாறன்."

அந்த மூன்று நாளும் சுல்தானை அவளுடைய குருவிகளோடு கூட்டுக்குள் விட்டேன். அது கொண்டையை விரித்து எல்லாவற்றோடும் மூக்குரசியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குருவிக்காக மட்டுமல்ல, அவளை வென்றதற்காகவும். மூன்றாம் நாள் சுல்தானைத் தூக்கிவந்து, கூட்டைக் கூட்டிக் கழுவி, திறப்பைக் கொடுத்தேன்.

ராத்தா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளே இடைக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஏறாவூர்ப் பெண் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்த இரண்டு சோடியையும் தரமுடியாது என்றாள். அந்தப் பெண் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாள். ராத்தாவுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கழித்து இரண்டாவது முடிவு வந்தது. சுல்தானுக்கு வைரஸ் இருந்தது. கூடவே அனுப்பியிருந்த அவளுடைய பதினெட்டில் ஆறுக்கும் இருந்தது.

இடைக்கதவைத் தட்டினேன். ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள். கையில் மடித்த தாள். விரித்தால் உள்ளே ஒரு சூரியகாந்திப் பருப்பு, எச்சம் காய்ந்து ஒட்டியபடி.

"எண்ட குருவிக்குத் தினை மட்டுந்தான். சூரியகாந்தி ஒண்ட வீட்டுத் தீன்."

"நான் போடக்குள்ள சிந்தினதா இரிக்கும்."

"சிந்தின விதையில மேல்கோது இரிக்கும். குருவி அதக் கடிச்சிக் கழட்டிப்போட்டுத்தான் திங்கும். இது கோது கழண்டு, முழுசா, எச்சத்துக்குள்ள கெடந்த. நீ கூட்டினது பத்தாது. நான் வந்த அண்டைக்கே எடுத்து வெச்சன்."

ஆறு கிழமையாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சுல்தானக் கொண்டு வா," என்றாள். "ஆறோட ஏழாக் கெடக்கட்டும். மருந்து ஒரு கையால போகட்டும்." கூட்டோடு வந்தபோது அதை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீ இனி இந்தக் கதவால வராத."

ஏழையும் தனி அறையில் வைத்திருக்கிறாள். நோயில்லாத பன்னிரண்டுக்கும் தீன் போட்டபிறகுதான், உடுப்பு மாற்றிக்கொண்டு, அங்கே போகிறாள். ஊறவைத்து மசித்த தீன், யசோதினி தந்த வீக்கம் தணிக்கிற மருந்து, தினமும் காலையில் சின்னத் தராசில் நிறை. குஞ்சு பொரிக்கவிடுவதில்லை, விற்பதில்லை. நோயை மாற்றமுடியாது, நாளைத் தள்ளலாம் என்கிறார் யசோதினி. மூன்று செத்துவிட்டன. சுல்தான் இருக்கிறது.

எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், "எண்ட கவனக்குறைவுதான்" என்கிறாள். தன் புருஷன் மஜீட் மச்சானிடம்கூட அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் அவளை ஏசியது மதிலுக்கு இப்பால் எனக்குக் கேட்டது. அவள் என்னை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை. இதற்காகவே அவளை என்னால் பொறுக்கமுடியவில்லை.

பின்னேரமானால் மதிலுக்கு அப்பால் ஸாஹிரின் விசில் கேட்கிறது. அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார். சுல்தான் ஏன் அங்கே என்று கேட்பார். ராத்தா அவருக்குக் கதவைத் திறப்பாள், குருவியைக் காட்டுவாள், என் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். பாவி, நான்தான் சொல்லவேண்டும்.