மூன்றாவது ஜாய்ஸ்டிக்

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. திருத்தணியில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிற எனக்கு அந்த மாதம் முழுக்க வேலை இருக்காது. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் ஊர் கொள்ளாமல் இருக்கும். ஆனால் அவர்கள் எல்லோரிடமும் இப்போது போன் இருக்கிறது. ஸ்டூடியோவைத் திறந்து வைத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிற இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி அனுப்பிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வீடியோ என் வேலை. ஆல்பம் டிசைன் என் மனைவி. அந்த வருடம் ஆடியில் கம்ப்யூட்டர் சும்மா கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றினேன். விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை ஓட்டுகிறவர்கள் சிமுலேட்டர் என்றுதான் சொல்கிறார்கள். யாரையும் சுட வேண்டாம், எதையும் ஜெயிக்க வேண்டாம். ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்க வேண்டும்.

இந்த ஆசைக்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அரக்கோணத்துக் கப்பற்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற விமானங்கள் எங்கள் மாடிக்கு மேலாகப் போகும். மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் நாற்பத்தாறு வயது வரைக்கும் பார்த்ததில்லை.

முதல் நாள் மீனம்பாக்கத்தில் ஏறி, ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே திருவள்ளூர், மணவூர், அரக்கோணம் என்று வந்து வடக்கே திரும்பி எங்கள் ஊரைக் கண்டுபிடித்தேன். மலை இருந்தது. மலைமேல் கோயில் இல்லை. வீடுகள் எல்லாம் சிவப்பு ஓடு போட்டு, புகைபோக்கி வைத்து இருந்தன. மற்றபடி ஊர் சரியாக இருந்தது.

அதுவரை கீபோர்டில்தான் ஓட்டினேன். கீபோர்டில் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் விமானம் மொத்தமாகச் சாயும். கொஞ்சமாகச் சாய்க்க வழியில்லை. இந்தக் கலையில் என்னைவிட முன்னேறியவர்கள் இணையத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன். முதலில் விமானியின் கைப்பிடி மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கு, பிறகு பேசு என்பதுதான் அதன் சாரம்.

ஒரு டிரைபாட் வாங்கவே ஒரு மாதம் யோசிக்கிறவன் நான். ஜாய்ஸ்டிக்குக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பக் காலுக்குத் தனியாக மிதிகட்டை விற்கிறார்கள். என் மேஜைக்குக் கீழே யுபிஎஸ்ஸும் ஆல்பம் பெட்டிகளும் இருந்ததால் அது முடியாது. அதனால் கைப்பிடியையே திருகினால் மூக்கு திரும்புகிற ஜாய்ஸ்டிக் வேண்டும். வலது கைக்கென்றே வார்த்தது போதும். அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சன்மைக்கா மேஜையில் வழுக்கும். உள்ளே இருக்கும் பாகம் இரண்டு விதம். ஒன்று பழைய ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி தேய்ந்துபோவது. இன்னொன்று காந்தத்தில் இயங்குவது, தேயாது. காந்தம்தான் நல்லது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். முதல் தடவைக்கு அவ்வளவு வேண்டாம் என்று தேய்கிற ரகத்தையே ஆன்லைனில் வாங்கினேன்.

விமானம் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. நேராகப் போக வேண்டிய இடத்தில் இறக்கை இரண்டும் மாறி மாறிச் சிலிர்த்துக்கொண்டே இருந்தன. அடிப்பாகம் லேசாக இருப்பதால்தான் என்று நினைத்து, ஆல்பத்துக்கு ஒட்டுகிற இரட்டைப் பக்க டேப்பை அடியில் ஒட்டி மேஜையோடு சேர்த்து அழுத்தினேன். மேஜை நகரவில்லை, ஜாய்ஸ்டிக் நகரவில்லை, விமானம் மட்டும் சிலிர்த்தது. டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதைத் திருப்பி அனுப்பினேன். கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, நடுநிலையில் நிற்காத பொருள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக் கனமானது. இடது கைக்குத் தனியாக எஞ்சின் லீவர் எல்லாம் உண்டு. அதிலும் ஆடியது. முன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லா விமானமும் இப்டிதான் போவுதா?” என்று கேட்டாள்.

ஜாய்ஸ்டிக் மட்டம் என்றேன். அதையும் திருப்பி அனுப்பி, அதற்கும் ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினேன். இதில் நான் உபயோகித்த வார்த்தைகள் கொஞ்சம் கடுமை.

அந்தச் சமயத்தில் நான் இளைத்துக்கொண்டு வந்தேன். ஜிம்முக்குப் போகிறீர்களா என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். நடக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். நாலு இட்லி சாப்பிடுகிறவன் எட்டு சாப்பிட்டேன். மின்விசிறியை ஐந்தில் வைத்தும் எனக்கு வியர்த்தது, மனைவி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா பையோடு மலைப்படி ஏறினால் பாதியில் நெஞ்சு படபடவென்று அடித்தது. இளைத்ததற்கு வெயில், பசிக்கு இளைத்தது, வியர்வைக்கு மின்விசிறி, படபடப்புக்கு வயது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தேன். ஆடியதற்கு ஜாய்ஸ்டிக்.

ஆவணியில் என் அக்கா மகள் கல்யாணம், மலைமேல் நடந்தது. போட்டோ, வீடியோ இரண்டும் நான்தான். அடுத்தடுத்து வேறு முகூர்த்தங்கள். புரட்டாசி பிறந்ததும் மறுபடி கை சும்மா ஆனது. இந்தமுறை நேரில் பார்த்து வாங்குவது என்று முடிவெடுத்து, ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவதில் காந்த ரகம் இருந்தது.

கடைக்காரர் பொறுமையான மனிதர். ஜாய்ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரில் சொருகி, திரையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். கட்டத்துக்கு நடுவே ஒரு கூட்டல் குறி. ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் குறி அந்தப் பக்கம் போகும். நான் பிடித்தேன். குறி துடித்தது. இதுவும் ஆடுகிறதே என்றேன்.

அவர் ஒரு விரலால் என் கையை விலக்கிவிட்டார். குறி நின்றது.

“கைய எடுத்தா நிக்குது பாருங்க சார்.”

“கைய எடுத்துட்டு எப்படிங்க ஓட்றது?” என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு வேறு பெட்டி பிரிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருப்பதில் இதுதான் குறைவாக ஆடுகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சிமுலேட்டரில் ஓர் ஏற்பாடு உண்டு. ஜாய்ஸ்டிக்கின் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். எவ்வளவு வரை கண்டுகொள்ளக்கூடாது என்பதை நாமே ஏற்றி இறக்கலாம். நான் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் விமானம் அசையாமல் நேராகப் பறந்தது. திரும்ப வேண்டிய இடத்திலும் நேராகவே பறந்தது. அரக்கோணத்தில் திரும்ப முடியாமல் காட்பாடிப் பக்கம் போய்விட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் அவள் வீட்டுக்காரர் பாவாவும் மகளின் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். பாவா கப்பற்படைத் தளத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் விமானம் சம்பந்தமாக எங்கள் குடும்பத்தில் எந்தப் பேச்சு வந்தாலும் அவரைத்தான் பார்ப்போம். பெண்கள் இரண்டு பேரும் படங்களை லேப்டாப்பில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் புடவை எந்தப் பக்கத்தில் என்பதில் பாவாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் பக்கம் வந்தார். மூன்று ஜாய்ஸ்டிக் கதையையும் சொல்லி, நாட்டில் தரமான பொருளே வருவதில்லை என்றேன். கண்டுகொள்ளாத ஏற்பாட்டைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஆட்டத்தைக் காட்டினேன்.

அவர் என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். லாரி ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். விமானம் கோடு போட்ட மாதிரி போனது. அவர் கால் மணி நேரம் ஓட்டினார். திருவள்ளூர் போனது, மணவூர் போனது. அரக்கோணத்தில் அழகாகத் திரும்பினார். இவருக்கு ராசி என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

“நீ ரெண்டு கையயும் முன்னால நீட்டு மச்சான்” என்றார்.

நீட்டினேன். மேஜைமேல் ஆல்பத்தின் பக்கங்களுக்கு நடுவே வைக்கிற மெல்லிய தாள் கட்டு இருந்தது. அதில் ஒன்றை உருவி என் புறங்கைகளின் மேல் விரித்தார். விசிறியை நிறுத்தச் சொன்னார். மனைவி எழுந்துபோய் நிறுத்தினாள். விசிறி நின்ற பிறகும் தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தம்கூடக் கேட்டது. அக்கா லேப்டாப்பை மூடிவிட்டாள்.

“எங்குளுக்கு தளத்துல வருசா வருசம் மெடிக்கல்ல இப்டிதான் வெச்சிப் பாப்பாங்க” என்றார் பாவா. “இது ஜாய்ஸ்டிக்கு இல்ல. நாளைக்கே டாக்டர பாரு.”

பிறகு கொஞ்சம் தயங்கி, “பாப்பா கல்யாணத்துக்கும் இந்தக் கையாலதான் எடுத்தியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. லேப்டாப்பை வாங்கி, தாலி கட்டுகிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கயிற்றின் இழை வரைக்கும் தெளிவாக இருந்தது. பாவா நிம்மதியானார். நான் ஆகவில்லை. இப்போது வருகிற லென்ஸுகளில் கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அவர்கள் போன பிறகு அந்த வசதியை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பத்துப் படம் எடுத்தேன். ஒன்பதில் தேதி படிக்க முடியவில்லை. எத்தனை மாதமாக லென்ஸ் என்னைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எங்கள் தெருவில் கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி பத்துப் படங்களையும் பார்த்தாள். மறுநாள் காலை எனக்கு முன்னால் அவள் புறப்பட்டு நின்றாள்.

திருவள்ளூரில் டாக்டர் என் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இளைத்தது, வியர்த்தது, பசித்தது, படபடத்தது எல்லாவற்றையும் நான் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு இரண்டு நாளில் வந்தது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது, மாத்திரையில் கட்டுப்படும், பயப்பட வேண்டாம் என்றார். எரிச்சல், கோபம் அதிகமாக வருமே என்று கேட்டார். அப்படியொன்றும் இல்லை என்றேன்.

“ஆங், வருது டாக்டர்” என்றாள் மனைவி.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டதால் ஜாய்ஸ்டிக் விவரத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தன் மகனும் வெகு நாளாக ஒன்று கேட்கிறான், மூன்றில் எது நல்லது என்றார். நிற்கிற கையால் எதையும் பிடித்துப் பார்த்ததில்லை, அதனால் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு மாத்திரை எழுதினார்.

பஸ்ஸில் வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். ஆறு மாதமாக நான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்ததை அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

“உங்குளுக்கு என்னப் புடிக்காமப் போச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றாள்.

பஸ் திருப்பாச்சூரைத் தாண்டியது. தைராய்டுதான் என்றேன். அவள் ஒவ்வொரு சண்டையாக எடுத்து, இது தைராய்டா நீங்களா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பெரும்பாலானவற்றைத் தைராய்டு ஏற்றுக்கொண்டது. அவள் தம்பியின் வீடு குடிபோகும் விசேஷத்துக்கு நான் போகாதது மட்டும் நான்தான். அதையும் ஒப்புக்கொண்டேன். அவள் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நடுக்கத்துக்கென்று கொடுத்த மாத்திரை ஒரே வாரத்தில் வேலை செய்தது. மற்றது மெதுவாகப் பிடித்தது. ஐப்பசி முகூர்த்தங்களில் முக்கியமான இடங்களுக்கு டிரைபாட் வைத்து எடுத்தேன். கேட்டவர்களிடம் புது ஸ்டைல் என்றேன். கார்த்திகையில் உடம்பு பழையபடி ஆனது. இளைத்தபோது பேன்ட்டுகளைப் பிடிக்கக் கொடுத்த தையல்காரரிடமே மறுபடி பிரிக்கக் கொடுத்தேன்.

இடையில் ஒரு நாள், இரண்டு கம்பெனிகளின் பக்கத்திலும் நான் போட்ட ஒற்றை நட்சத்திரங்களை எடுத்துவிடப் பார்த்தேன். ஒன்றை எடுக்க முடிந்தது. கடுமையாக எழுதிய இரண்டாவதை எடுக்க வழி தெரியவில்லை. என் விமர்சனம் உதவியாக இருந்தது என்று பல பேர் அதன் கீழே அழுத்தியிருந்தார்கள். அவர்களில் யாருக்காவது கை ஆடுகிறதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக, பொருளில் குறை இல்லை, எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாவது ஜாய்ஸ்டிக் நல்ல ஜாய்ஸ்டிக். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆல்பம் வேலை இல்லாவிட்டால், அரை மணி நேரம் ஓட்டுகிறேன். விமானம் நேராகப் போகிறது. இறக்கும்போது மட்டும் ஓடுபாதையை விட்டு இடது பக்கமாகப் புல்லில் இறங்கிவிடுகிறேன். டாக்டரிடம் கேட்டேன். அதற்கு மாத்திரை இல்லை என்றார்.